ஜூலை மாதக் கச்சேரியும் காலி நாற்காலிகளும்: சென்னை சபாக்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி சீசனில் நுழைவுச் சீட்டுக்காக விடியற்காலையில் வரிசை பிடிக்கும் இதே சென்னையில், மற்ற மாதங்களில் நடக்கும் கர்நாடக இசைக் கச்சேரிகள் பலவற்றுக்கு வருபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது கச்சேரி நடத்தும் சங்கங்களான சபாக்களின் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ரசிகர்களும், புதிதாகக் கேட்க வருபவர்களும், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறோம். தகவலோடு எங்கள் அபிப்பிராயமும் கலந்தே வரும்.

மார்கழியில் அலைமோதும் கூட்டம் மற்ற மாதங்களில் எங்கே போகிறது?

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரும் பகுதி சென்னையில் இருப்பதே இல்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்று நடந்தது. அதில் எடுத்த தீர்மானத்தின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அகாடமியின் ஆண்டு மாநாடு டிசம்பரில் நிலைபெற்ற பிறகு மற்ற சபாக்களும் படிப்படியாக அந்த மாதத்தைச் சுற்றியே தங்கள் விழாக்களை அமைத்துக்கொண்டன. வெயில் தணிந்த பருவம், அரையாண்டு விடுமுறை, அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பும் குடும்பங்கள், சபா வாசலிலேயே கிடைக்கும் கேண்டீன் சாப்பாடு எல்லாம் சேர்ந்து அந்த மூன்று வாரங்களை ஒரு திருவிழாவாக்கிவிட்டன. தேருக்கு வருபவர்கள் எல்லாரும் சாயரட்சைக்கும் வருவார்கள் என்று எந்தக் கோயிலும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே ஜூலைக் கூட்டத்தை டிசம்பரோடு ஒப்பிட்டு அங்கலாய்ப்பதில் பொருள் இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு ஒரு இழப்பைப் பற்றி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் ஆகிய இடங்களில் சபாவுக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருந்து, ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்குக் கையில் ஒரு விசிறியோடு வந்து உட்கார்ந்த ரசிகர் கூட்டம் ஒன்று இருந்தது. அலுவலகம் விட்டு நேரே வந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் அதில் அடக்கம். தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறிய காலத்தில் அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை தாம்பரத்துக்கு அப்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் குடியேறியது. இன்னொரு பகுதி கடல் கடந்தது. சபாக்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மிஞ்சிய முதியவர்களுக்கோ, இரவு எட்டரை மணிக்குக் கச்சேரி முடிந்தபின் ஆட்டோ பிடித்து வீடு திரும்புவது, அதுவும் மெட்ரோ பணிக்காக லஸ் பகுதியில் சாலைகளைத் திருப்பிவிட்டிருக்கும் இந்த ஆண்டுகளில், கச்சேரியைவிடப் பெரிய காரியமாகிவிட்டது.

பெரும்பாலான கச்சேரிகள் இலவசந்தானே? அப்படியும் ஏன் ஆள் சேருவதில்லை?

இலவசமாக இருப்பதும் ஒரு காரணம் என்பதே எங்கள் எண்ணம். நுழைவுச் சீட்டு வாங்கியவர் எப்படியாவது வந்துவிடுவார். ‘அனைவரும் வருக’ என்ற அழைப்பை வாட்ஸ்அப்பில் பெற்றவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார். இலவசக் கச்சேரி தவறிப்போனால் நஷ்டம் இல்லை, அடுத்த வாரம் இன்னொன்று இருக்கும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கட்டணம் வைத்தால் இருக்கும் கூட்டமும் வராது என்று செயலாளர்கள் அஞ்சுவது புரிகிறது. ஆனால் வரி ஒரு தடை என்று சொல்வதற்கில்லை. இசை நிகழ்ச்சிகளுக்குத் தலைக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது.

ஒரு சாதாரணக் கச்சேரிக்கு அப்படி என்ன செலவு ஆகிவிடும்?

பாடகர், வயலின், மிருதங்கம் என்று மூவருக்குச் சன்மானம். கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ சேர்ந்தால் நால்வர். சொந்தக் கட்டடம் இல்லாத சபாவாக இருந்தால் அரங்க வாடகை. குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம், ஒலியமைப்பாளர், நேரலை எடுப்பவர், வாயிற்காப்பாளர், கலைஞர்களுக்குக் காபி, வண்டிச் செலவு. நூறு பேர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் இதில் எதுவும் குறையாது. கை இறுக்கமானால் முதலில் வெட்டு விழுவது பெரும்பாலும் உபபக்கவாத்தியத்தின் மேல்தான். துண்டுப் பிரசுரத்தில் கடம், கஞ்சிரா வாசிப்பவர் பெயர் வரவர அரிதாகிறது என்று கவனித்திருந்தால், அங்கே அழகியல் முடிவு ஏதும் எடுக்கப்படவில்லை. கணக்குப் புத்தகம் எடுத்த முடிவு அது.

வீட்டிலிருந்தே நேரலையிலும் யூடியூபிலும் கேட்க முடிகிறதே, நேரில் வருவதால் யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்வி 2020க்குப் பிறகு கூர்மையாகிவிட்டது. அந்த ஆண்டு நோய்த்தொற்றினால் சீசன் திரைக்கு மாறியபோது, நேரலையும் பதிவும்தான் பல கலைஞர்களுக்கு ஓரளவேனும் கைகொடுத்தன. நடக்க இயலாதவர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அது இன்றும் பெரிய உதவி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மயிலாப்பூரில் மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவர் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்ப்பதுதான் உறுத்துகிறது.

கச்சேரியில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் பிறப்பது. ஆலாபனையை (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது) எவ்வளவு நீட்டுவது, நிரவலை (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) எந்த வரியில் எடுப்பது, ஸ்வரத்தை இன்னொரு சுற்று வளர்ப்பதா, கோர்வையோடு (தாளக் கணக்கோடு கூடிய முடிப்பு) முடிப்பதா என்பதை எல்லாம் பாடுபவர் முன்வரிசையைப் பார்த்தபடியேதான் முடிவு செய்கிறார். ஒரு வார நாள் மாலையில் போய்ப் பாருங்கள். நன்கொடையாளர்களுக்கு ஒதுக்கிய முதல் இரண்டு வரிசைச் சோபாக்கள் காலியாக இருக்கும். வந்தவர்கள் ஏசி காற்று நேரே அடிக்காத மூலைகளாகத் தேடி ஆளுக்கொரு பக்கம் சிதறி உட்கார்ந்திருப்பார்கள். “இன்னும் பத்து நிமிஷம் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்” என்று செயலாளர் திரைக்குப் பின்னால் சொல்வார். தொடக்கப் பாட்டான வர்ணம் முடியும், மூன்று இடங்களிலிருந்து மூன்று தனித்தனிக் கைதட்டல்கள் வந்து நடுவில் அறுந்து நிற்கும். அந்த மேடையில் ஒரு இளைஞர் பைரவி ராகத்தை முப்பது நிமிடம் பாடத் துணிவாரா? பன்னிரண்டு நிமிடத்தில் சுருக்கிக்கொண்டு, கேட்டுப் பழகிய இரண்டு துக்கடாக்களோடு (கடைசியில் பாடும் சிறு பாடல்கள்) மங்களம் பாடிவிடுவார். அதுவே நாற்பது பேர் நெருக்கமாக உட்கார்ந்து, நாலைந்து பேர் தொடையில் தாளம் போட்டு, ஒரு நல்ல பிடி விழுந்த இடத்தில் யாரோ ஒருவர் தம்மை அறியாமல் ‘ஆஹா’ என்று சொல்லிவிட்டால், அடுத்த சங்கதியே வேறு மாதிரி வரும். வயலின்காரர் அதற்குச் சொல்லும் பதிலும் மாறும். நேரலை பார்ப்பவர் கேட்பதும் அந்த நாற்பது பேர் இருந்ததால் கிடைத்த கச்சேரியைத்தான்.

இளம் கலைஞர்கள் காசு கொடுத்துத்தான் மேடை ஏறுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் இல்லவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ‘நன்கொடை’, ‘ஸ்பான்சர்’, ‘விளம்பரம்’ என்று பல பெயர்களில் கலைஞரின் குடும்பமே கச்சேரிச் செலவை ஏற்கும் வழக்கம் இருப்பது நெடுங்காலமாக இத்துறையில் முணுமுணுக்கப்படும் குறை. சன்மானமாக ஒரு பொன்னாடையும் நினைவுப் பரிசும் மட்டும் கிடைக்கும் மேடைகளும் உண்டு. வண்டிச் செலவு கையை விட்டே போகும்.

இதற்கும் காலி நாற்காலிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கேட்பவரிடமிருந்து பணம் வராதபோது பாடுபவரிடமிருந்து வாங்கும் ஆசை நிர்வாகிக்கு ஏற்படுகிறது. பாடுபவரே செலவை ஏற்கும் கச்சேரிக்கு ஆள் சேர்க்கும் கட்டாயம் சபாவுக்கு இல்லாமல் போகிறது. ஆள் சேராத இடத்தில் அடுத்த முறையும் வேறு ஒரு குடும்பத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். இந்தச் சுழலை நிர்வாகிகளின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். சந்தா கட்டாமல், சீட்டு வாங்காமல், முப்பது ஆண்டுகள் இலவசமாகவே கேட்டு வந்த ரசிகர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்கு ராகம், தாளம் எதுவும் தெரியாது. நான் வரலாமா?

தாராளமாக வரலாம். அரங்கில் இருப்பவர்களில் பலருக்கும் எல்லா ராகமும் தெரியாது. தெரிந்தது போல் தலையாட்டத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு பாட்டு முடிந்ததும் மெல்லக் கேட்டால் பெரும்பாலும் ராகத்தோடு அந்தப் பாடகரின் குருபரம்பரையையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

தமிழ்ப் பாடல்களை அதிகம் பாடினால் கூட்டம் கூடுமா?

இது பழைய வழக்கு. மேடையில் தெலுங்கும் வடமொழியுமே கோலோச்சுகின்றன, தமிழ் கடைசித் துக்கடாவுக்கு ஒதுக்கப்படுகிறது என்ற குறையிலிருந்துதான் தமிழிசை இயக்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாரிமுனைப் பக்கத்து ராஜா அண்ணாமலை மன்றத்தில் சங்கத்தின் இசை விழா இன்றும் டிசம்பரில் நடக்கிறது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன், பெரியசாமித் தூரன் ஆகியோரின் பாடல்கள் இன்று சபா மேடைகளில் நடுநாயகமாகவே பாடப்படுகின்றன என்றால் அந்த இயக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

சொல் புரிந்தால் புதியவர் உட்காருவார் என்பது உண்மைதான். குறிப்பாக நிரவலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்போது, பொருள் தெரிந்தவரும் தெரியாதவரும் கேட்பது வேறு வேறு கச்சேரிகள். ஆனாலும் கூட்டம் குறைந்ததற்கு மொழியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. முழுக்கத் தமிழ்ப் பாடல்களே பாடப்படும் வார நாள் கச்சேரிகளிலும் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

கேட்பவர் வட்டமே ஒரு சமூகத்துக்குள் சுருங்கிக் கிடக்கிறது என்ற விமர்சனத்துக்கு என்ன பதில்?

அந்த விமர்சனத்தை மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அரங்கத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தாலே தெரிந்துவிடும். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015இல் டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்ததும், அதே ஆண்டில் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் பகுதியில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியதும் இந்த விவாதத்தைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுவந்தன. கர்நாடக இசையும் பறையாட்டமும் கூத்தும் ஒரே விழாவில் இடம்பெற்றது சிலருக்கு உவப்பாக இருந்தது, சிலருக்குக் கசந்தது.

கொள்கைச் சண்டையை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் சபாக்களுக்கு வேறு வழி இல்லை. பரம்பரையாகக் கேட்டு வந்த குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் ஊரில், இதுவரை உள்ளே அழைக்கப்படாதவர்களை அழைக்காமல் அரங்கம் நிறையாது. அழைப்பது என்றால் வாசலில் பலகை வைப்பது மட்டுமே போதாது. உள்ளே வந்தவரின் உடையையும் உச்சரிப்பையும் அளந்து பார்க்கும் பார்வையும் மாற வேண்டும்.

நாதஸ்வரக் கச்சேரிகளுக்கு இதைவிடக் குறைவாகத்தான் ஆள் வருகிறார்கள். ஏன்?

சபாக்கள் நாதஸ்வரத்தைத் தொடக்க விழாவின் மங்கள இசையாகவே பழக்கிவிட்டன. விருந்தினர் வரும் வரை வாசிக்க வேண்டும். வந்ததும் நிறுத்திவிட வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்ததைக் கேட்க ஊர்ஊராக மக்கள் திரண்ட வாத்தியத்துக்கு, இன்றைக்கு மண்டபத்தில் காபி தேடுபவர்களின் முதுகுதான் முன்னால் இருக்கிறது. திறந்தவெளிக்குரிய வாத்தியத்தையும் தவிலையும் மூடிய அரங்கில் மைக் வைத்துப் பெருக்குவது காதுக்கு உபத்திரவம் என்பதும் ஒரு காரணம். மைக்கை அணைத்துவிட்டு, முழு மாலை நேரத்தை ஒதுக்கி, ராகம் பல்லவி வாசிக்கச் சொல்லும் சபா ஒன்று இருந்தால் அதற்கு நிச்சயம் போய் உட்காருங்கள்.

சபாக்கள் என்ன செய்யலாம்?

நேரத்தை மாற்றலாம். வார நாளில் மாலை 6 மணி என்பது ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டுப் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தவர்களுக்கு வகுத்த நேரம். சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவர் அந்த நேரத்தில் கணினியை மூடியிருக்கவே மாட்டார். சனி, ஞாயிறு காலை 10 மணிக் கச்சேரிக்கு முதியவர்களும் வர முடியும், குழந்தைகளையும் அழைத்து வர முடியும், வெளிச்சத்திலேயே வீடு திரும்பவும் முடியும்.

மாதத்துக்கு எட்டுக் கச்சேரி நடத்தி எட்டிலும் பதினைந்து பேரை உட்கார வைப்பதைவிட, மூன்று நடத்தி மூன்றையும் சரியான சன்மானத்தோடு, தகுந்த அறிவிப்போடு நடத்துவது மேல். எண்ணிக்கைப் பெருமை சபாக்களைப் பிடித்த ஒரு நோய் என்றே சொல்லலாம். பெரிய அரங்கைத் திறந்துவைத்துக் காலியாகக் காட்டுவதற்குப் பதிலாக மினி ஹாலிலோ ஒருவர் வீட்டுக் கூடத்திலோ வைத்தால் அதே முப்பது பேர் நிறைந்த சபையாகிவிடுவார்கள், மைக்கும் வேண்டியிருக்காது. பிரதானப் பாட்டு முடிந்து சூடு ஆறாத நேரத்தில் கச்சேரியை நிறுத்தி, பிரமுகர்களை மேடையேற்றி, இருபது நிமிடம் பேசவிட்டுப் பொன்னாடை போர்த்தும் வழக்கத்தையும் விட்டொழிக்கலாம். அடுத்த முறை வராமலிருக்கப் புதியவர் ஒருவருக்கு அந்த இருபது நிமிடமே போதும்.

சபாக்கள் எல்லாமே இப்படி என்று நினைக்க வேண்டாம். லஸ் பகுதியில் ராக சுதா அரங்கம், மயிலாப்பூரில் ஆர்கே கன்வென்ஷன் சென்டர் போன்ற அளவான அரங்குகளில் ஆண்டு முழுவதும் கச்சேரிகள் நடப்பதால்தான் சீசனுக்கு வெளியேயும் இந்த இசைக்கு ஒரு முகவரி இருக்கிறது. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் ராக சுதாவுக்கு நடந்தே போய்விடலாம்.

தனி ரசிகராக நான் செய்யக்கூடியது என்ன?

உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு சபாவில், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஆண்டு உறுப்பினராகச் சேருங்கள். சபா என்ற அமைப்பே உறுப்பினர் சந்தாவில் எழுந்தது. அரண்மனையும் ஜமீனும் ஆதரித்த காலம் மங்கியபோது, 1900இல் தொடங்கிய திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபாவைப் போன்றவை, ஊர்க்காரர்கள் கூடிக் கலைஞரை அழைக்கும் வழியை உண்டாக்கின. முன்கூட்டியே கைக்கு வரும் சந்தா இருந்தால்தான் செயலாளர் ஒரு இளைஞருக்குத் துணிந்து வாக்குக் கொடுக்க முடியும். கூடுதலாகத் தர வசதி இருப்பவர்கள், வருமான வரிக் கழிவுக்கான பதிவு பெற்ற சபாவுக்கு நன்கொடை அளித்துப் பழைய வரி முறையில் கழிவும் பெறலாம்.

சீசனிலும் ஒரு காரியம் செய்யலாம். பல சபாக்களில் இளம் கலைஞர்களுக்கு ஒதுக்கும் மதிய நேர ஜூனியர் ஸ்லாட்டுகளுக்குக் கட்டணம் இல்லை. அதனாலேயே அவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஏசியில் கண்ணயர வந்தவர்கள் முன்னால் இருபது வயதுப் பெண் ஒருத்தி கல்யாணி ராகத்தில் உயிரைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். மாலையில் பாடும் நட்சத்திரக் கலைஞருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்குபவர், இரண்டு மணி நேரம் முன்னால் வந்து அந்தப் பெண்ணையும் கேட்கலாம். பிடித்திருந்தால் கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் போய் இரண்டு வார்த்தை சொல்லலாம். மிருதங்கம் வாசித்த பையனிடமும் சொல்லுங்கள், அவனை யாரும் தேடிப் போவதில்லை.

பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்திருக்கும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. சென்னையில் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். கச்சேரி கேட்கும் பிள்ளைகள்தான் அபூர்வம். போட்டிக்கும் மேடைக்கும் தயார் செய்வதில் காட்டும் அக்கறையில் கால் பங்கைக் கேட்க அழைத்துப் போவதில் காட்டினால் பல சபாக்களின் பின்வரிசைகள் நிறைந்துவிடும்.

சென்னைக்கு வெளியே நிலைமை எப்படி?

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் திரள்கிறது. அதுவும் மார்கழியைப் போல விழாக் கூட்டமே. திருச்சியில் 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவைப் போன்ற பழைய அமைப்புகள் மாவட்டங்களில் உண்டு. ஆனால் கலைஞர்கள் சென்னையில் குவிந்துவிட்டதால், ஒரு குழுவை வரவழைக்கப் பயணச் செலவும் தங்கும் செலவும் சேர்ந்துகொள்கின்றன. மாவட்டத் தலைநகரில் இருப்பவர் அங்கேயே குடியிருக்கும் வித்வான்களுக்கு மேடை கிடைக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கச்சேரியின் பாதியில் போக வேண்டியிருந்தால் எப்போது எழுந்திருக்கலாம்?

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எழுந்து போகலாம். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதியான தனி ஆவர்த்தனம் விட்டவுடன் எழுந்து போவதுதான் கூடாது. பாடகருக்காக மட்டும் வந்தவர்கள் காபி குடிக்கவும் கைப்பேசி பார்க்கவும் அதை இடைவேளையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மிருதங்கக்காரர் அதுவரை ஒன்றரை மணி நேரம் மற்றவர்களுக்காக வாசித்திருக்கிறார். தமக்கென்று அவருக்கு அன்று கிடைப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடந்தான். இருபது பேர் உள்ள அரங்கில் எட்டுப் பேர் எழுந்தால் மேடையிலிருந்து பார்ப்பவருக்கு அது அப்பட்டமாகத் தெரியும். அவசரம் என்றால் பிரதானப் பாட்டு தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். இருந்துவிட்டீர்களானால் தனியை நிறைவு செய்யும் மோராவும் கோர்வையும் முடிந்து பாடகர் பல்லவியைத் திரும்ப எடுக்கும் வரை உட்கார்ந்திருங்கள்.